அரை அடி பின்னால்

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜெயித்தோம். 2-1. ஆனால் நாங்கள் வாங்கிய அந்த ஒரு கோலை நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

மேட்ச் முடிந்ததும் கடலூரிலிருந்து அண்ணி போன் செய்தாள். டிவியில் பார்த்தாளாம். "அந்தப் பொண்ணு தனியா நின்னு அடிச்சாளே, ஏன் கொடி தூக்கல, வேதா?" என்றாள். அண்ணிக்கு ஆஃப்சைடு புரியவைப்பது என் வாழ்நாள் வேலை. மறுபடியும் சொன்னேன். கோல்கீப்பருக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் ஒரே கோடாக நிற்போம். பந்தை உதைக்கிற நேரத்தில் எதிரணிக்காரி எங்கள் நாலு பேரையும் தாண்டி நின்றால் தப்பு, லைன் ரெஃப்ரி கொடி தூக்குவார். அதனால் அவர்கள் உதைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள் சேர்ந்தாற்போல ஓரடி முன்னால் ஏறிவிடுவோம். அவள் தானாக மாட்டிக்கொள்வாள். நாலு பேரில் ஒருத்தி பின்தங்கினாலும் எல்லாம் பாழ்.

"ஏறு!" என்று கத்துவது கேப்டன் வேலை. இந்த அணியில் பதினோரு வருடமாக அந்தக் குரல் என்னுடையதுதான். இன்றும் கத்தினேன். மூன்று பேர் ஏறினோம். டெல்பின் ஏறவில்லை. அரை அடி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டி ஏறல?"

"விட்டுட்டேன்க்கா."

"காது இருக்குதா இல்லியா?"

"இருக்குக்கா."

டெல்பின் தூத்துக்குடிக்காரி. போன வருடம் வந்து சேர்ந்தாள். என் இடது பக்கத்தில் நிற்பவள். திட்டினால் அழவும் மாட்டாள், முறைக்கவும் மாட்டாள். துண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதில்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிப்ரவரி 5, புதன்

துணி துவைக்கும் முறை என்னுடையது. இருபத்திரண்டு ஜெர்சி, அதில் பாதியில் செம்மண். ஹாஸ்டல் மாடியில் துணிக்கொடி போதாமல் தண்ணீர்த் தொட்டிக் கம்பியிலும் காயப்போட்டேன்.

மதியம் ஐஸ் வந்தது. காசிமேட்டில் மீனுக்கு உடைக்கிற ஐஸ்தான் எங்களுக்கும். உடம்பு வலி போக, நீல டிரம்மில் கொட்டி ஆள் மாற்றி ஆள் இறங்கி உட்கார வேண்டும். வெளியே வந்தால் உடம்பெல்லாம் கவிச்சி அடிக்கும். வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கிறார்கள். எனக்கு ஊர் ஞாபகம் வந்து பசிதான் எடுக்கிறது.

முட்டிக்கு ஒன்றுமில்லை. பிசியோ பெண் ஒரு வாரம் ஓய்வு என்றாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வாரம்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

1-1. வெளியூர் மைதானத்தில் டிரா என்றால் பரவாயில்லை.

டெல்பின் இன்றும் அதே வேலை. "ஏறு" என்றால் ஏறுவதுபோல ஒரு பாவனை, பிறகு அரை அடி பின்னால். இவளுக்கு ஒன்று மட்டும் வாய்த்திருக்கிறது, அதிர்ஷ்டம். என் தலைக்கு மேலே மூன்று பந்து வந்து விழுந்தது. மூன்று முறையும் அந்த இடத்தில் அவள் ஏற்கெனவே நின்று வெளியே தட்டிவிட்டாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. ஜனம் கைதட்டுகிறது. கோட்டைக் கெடுத்தவளுக்குக் கைதட்டல்!

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலைமிட்டாய் நீட்டினாள். வேண்டாம் என்றேன். பிறகு வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 12, புதன்

இந்திய அணி முகாமுக்கு ஆள் பார்க்கிற மேடம் போன் செய்தார். எனக்கு அவரை நன்றாகத் தெரியும். முகாமுக்கு என்னையும் ஒரு காலத்தில் அவர்தான் எடுத்தார். டெல்பினைப் பற்றிக் கேட்டார்.

"நல்லா ஓடுவா மேடம். தலையால நல்லா அடிப்பா. பயம் கெடையாது. ஆனா கோட்டுக்குக் கட்டுப்பட மாட்டா."

"கேப்டன் நீங்க சொல்லியுமா?"

"நான் சொல்லியும்தான்."

கடைசி மேட்ச் பார்க்க நேரில் வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

இருப்பதைத்தான் சொன்னேன். கேப்டன் என்றால் இருப்பதைச் சொல்லத்தான் வேண்டும். இரவு தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஹாஸ்டல் சாம்பார்தான் காரணம்.

பிப்ரவரி 14, வெள்ளி

கயிறு கட்டினேன்.

இது நான் கொண்டுவந்த பழக்கம். படகை இழுக்கிற நைலான் கயிறு, ஊரிலிருந்து எடுத்து வந்தது. பின்வரிசை நாலு பேர் இடுப்பிலும் வரிசையாகக் கட்டிவிட்டு "ஏறு" என்று கத்த வேண்டும். யார் பின்தங்குகிறாளோ அவள் இடுப்பில் கயிறு சுண்டும். ஊரறிய மானம் போகும். புதுசாக வந்த ஒவ்வொருத்தியும் இந்தக் கயிற்றில்தான் கோடு பழகினாள்.

டெல்பினுக்குப் பாடம் கற்பிக்கத்தான் எடுத்தேன். எங்கள் கோச் பாண்டீஸ்வரி மேடம் மதுரைக்காரி, அதிகம் பேசமாட்டார். கைகட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தார். நான் கத்தினேன். நாலு பேரும் ஏறினோம். கயிறு ஒரே மாதிரித் தொங்கியது. டெல்பின் அச்சாக வரிசையில் நிற்கிறாள்! மறுபடி கத்தினேன். மறுபடியும் சரியாக.

"வேணும்னா ஏற முடியுது, பாத்தியா?" என்றேன்.

"ஆமாக்கா" என்றாள்.

அப்போது மேடம், "சரி ஆத்தா, இப்பத் திரும்பிக் கோல் பக்கமா ஓடுங்க பாப்போம்" என்றார். விசில் ஊதினார். திரும்பினோம். எனக்கும் டெல்பினுக்கும் நடுவே இருந்த கயிறு வெடுக்கென்று இழுத்து நான் குப்புற விழுந்தேன். காலைப் பனி, புல்லெல்லாம் ஈரம். இரண்டாம் முறையும் இழுத்தது. முடிச்சு சரியாக விழவில்லை. மூன்றாம் முறை நான் விழவில்லை, ஆனால் டெல்பின் தானாகவே நின்றுவிட்டாள்.

"போதும், அவுத்துருங்க" என்றார் மேடம்.

என் முடிச்சை டெல்பின் அவிழ்த்தாள். குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். பழைய கயிறு, முறுக்கு விட்டுவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

பாண்டீஸ்வரி மேடத்திடம் போய்ச் சொன்னேன். கொல்கத்தா மேட்சில் டெல்பின் வேண்டாம், பூங்கோதையைப் போடலாம். பூங்கோதை மாற்று ஆட்டக்காரி. சொன்ன சொல் கேட்பாள்.

மேடம் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். "வேதவல்லியா கேக்குறியா, கேப்டனா கேக்குறியா?"

"கேப்டனா."

"ஒரு மேட்சுக்குத்தான்" என்றார்.

டெல்பினிடம் நானே சொன்னேன். "சரிக்கா" என்றாள். இன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவள் முறை. எல்லாருக்கும் மீன் குழம்பு வைத்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

0-3.

மைதானம் மோசம். ரெஃப்ரிக்குக் கண் தெரியவில்லை. பூங்கோதை மெதுவாக ஓடுகிறாள். என் பூட்ஸ் புதுசு, பிடிமானம் இல்லை. கோடு மட்டும் ஆட்டம் முழுக்க நேராக இருந்தது, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். மூன்று கோலும் என் பக்கமாக வந்ததற்குக் காரணம் காற்று.

கடைசி மேட்சில் தோற்றால் லீகிலிருந்து இறங்கிவிடுவோம். டிரா செய்தால் தப்பிப்போம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கொல்கத்தாவிலிருந்து திரும்புகிற ரயில். ஆந்திரா முழுக்க வெயில். பிள்ளைகள் சீட்டு ஆடிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

தோய்பி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் கோல்கீப்பர், மணிப்பூர்க்காரி. நாலு வருடமாக எங்களோடு இருந்து தமிழ் கற்றுக்கொண்டாள். ஆண் பெண் எல்லாம் அவளுக்கு 'அது'தான். இரண்டு டீ வாங்கி ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.

"அக்கா, கோவம் வேணாம். நான் ஒன்னு சொல்றேன்."

"சொல்லு."

"நீ முன்னாடி பாக்குற. நான் பின்னாடி நிக்கிறேன். எப்பவும் நாலு முதுகு பாக்குறேன். உன் முதுகு எனக்கு நல்லா தெரியும்."

"அதுக்கென்ன?"

அவள் விரலை மேசைமேல் நிறுத்தி ஒரு சுற்று சுற்றினாள். "முன்ன நீ இப்படித் திரும்பும். டக். இப்போ..." விரல் மெதுவாகச் சுற்றியது. "இப்போ இப்படி. அந்த நேரத்துல பந்து போகுது. டெல்பின் அதுக்குத்தான் பின்னாடி நிக்குது. போன சீசன் கடைசிலேருந்து நிக்குது. கொல்கத்தால டெல்பின் இல்ல. மூணு கோல்."

"அவ உங்கிட்ட சொன்னாளா?"

"டெல்பின் எங்க சொல்லும்? நான் பாத்தேன்."

சரி என்றேன். டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். யார் அவளைக் கேட்டது? என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி நின்று என்னைத் தாங்குகிறாளாம், பதினோரு வருடக் கேப்டனை! பிறகு கயிற்று நாளில் அவள் குனிந்து முடிச்சு அவிழ்த்தது ஞாபகம் வந்தது. மூன்றாம் முறை தானாக நின்றதும் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது. நெல்லூர் வரை திரும்பவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 1, சனி

முட்டி வீங்கியிருக்கிறது. எழுதிவிட்டேன், போதுமா?

மார்ச் 5, புதன்

மாடியில் டெல்பின் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூடையின் மறுபக்கம் நின்றுகொண்டேன்.

"யாரக் கேட்டுடி பின்னாடி நின்ன?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஈரத் துணியை உதறினாள். "யாரையும் கேக்கலக்கா."

"எனக்கு முடியலன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க நல்லாத்தான் ஆடுதீய. திரும்புறதுல மட்டும் லேசா..." நிறுத்திக்கொண்டாள். "உங்கள ஒருத்தி தாண்டிப் போறத பாக்க எனக்குப் பிடிக்கலக்கா. அதான்."

கிளிப்பை எடுத்துக் கொடுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை முகாம் மேடம் வர்றாங்க. உன்னத்தான் பாக்க வர்றாங்க. அரை அடி பின்னாடி நின்னா அவங்க கண்ணுக்கு நீ சொல் பேச்சு கேக்காதவ."

"தெரியும்க்கா."

"நான் அவங்ககிட்ட என்ன சொல்லியிருக்கேன்னு தெரியுமா?"

"பாண்டீஸ்வரி மேடம் அப்பவே சொன்னாங்க. முகாம் மேடம் அவங்களுக்கும் போன் பண்ணாங்களாம்."

"தெரிஞ்சுமாடி மீன் குழம்பு வெச்சிப் போட்ட?"

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைக் கரித்தது.

"போன் பண்ணி மாத்திச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்க்கா. உங்களுக்கு முடியலன்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிரும். கடைசி மேட்ச் ஆடவிட மாட்டாங்க."

என்னைப்பற்றித்தான் யோசிக்கிறாள், பைத்தியக்காரி. அவளுக்கு வயது இருபத்திரண்டு. முகாம் கதவு இந்த வருடம் மூடினால் மறுபடி எப்போது திறக்குமோ. எனக்கு அது நடந்திருந்தால் நான் இந்த அக்காவைக் கடித்துத் தின்றிருப்பேன்.

"அப்ப நல்லா கேட்டுக்க. நான் ஏறுன்னா ஏறணும். என்னைத் தாண்டி எவ போனாலும் போகட்டும். நீ நேரா நிக்கணும். கேப்டன் சொல்றேன்."

"சரிக்கா."

மார்ச் 9, ஞாயிறு

"சரிக்கா" என்றாளே, முதல் "ஏறு"க்கே அரை அடி பின்னால் நின்றாள்.

திட்டினேன். சரிக்கா என்றாள். மறுபடியும் அதே அரை அடி. ஒருமுறை என்னைத் தாண்டி ஒரு நெட்டைக்காரி ஓடினாள். நான் திரும்புவதற்குள் டெல்பின் குறுக்கே விழுந்து பந்தை வெளியே தள்ளினாள். இடைவேளையில் அவளைச் சுவரோரம் நிறுத்திக் கேட்டேன். "உங்கிட்ட என்னாடி சொன்னேன்?"

"கால் கேக்கமாட்டேங்குதுக்கா" என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கே அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

முகாம் மேடம் கேலரியில் மூன்றாவது வரிசையில் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பாதியில் நான் பந்தைவிட அந்தத் தொப்பியைத்தான் அதிகம் பார்த்தேன். 0-0. எதிரணி ஏறி ஏறி வந்துகொண்டிருந்தது. நான் "ஏறு" என்றேன். அவள் நின்றாள். முகாம் மேடம் தன் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொல்லி, இல்லை என்பதுபோலத் தலையாட்டினார்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. டெல்பின் அடங்காதவள் இல்லை. எத்தனை திட்டினாலும், எத்தனை கெஞ்சினாலும், நான் இந்தக் கோட்டில் நிற்கிறவரை அவள் பின்னால்தான் நிற்பாள். அவளை நேராக நிறுத்த ஒரே வழிதான் இருந்தது.

பந்து வெளியே போனது. பெஞ்சைப் பார்த்து இரண்டு கையையும் ஒன்றையொன்று சுற்றிக் காட்டினேன், ஆளை மாற்று என்று. பாண்டீஸ்வரி மேடம் எழுந்து நின்றார், ஆனால் அசையவில்லை. இன்னொரு முறை சுற்றினேன். பூங்கோதையின் முதுகில் தட்டி அனுப்பினார்.

டெல்பின் ஓடிவந்தாள். "அக்கா, எங்க போறீய? என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆவல. இனிமே நீதான் கத்தணும். ஏறுன்னு கத்து. கத்திட்டு நீயே பின்னாடி நின்னா வெளிய வந்ததும் செருப்பால அடிப்பேன்."

கேப்டன் பட்டையைக் கழற்றித் தோய்பியிடம் கொடுத்தேன். டெல்பினுக்கு இருக்கிற வேலை போதும். ஏதோ அடிபட்டுவிட்டது என்று ஜனம் நினைத்துக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் நொண்டி நடந்தேன். பாதி தூரம் வந்ததும் தெரிந்தது, நடிக்கத் தேவையே இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்தேன். பாண்டீஸ்வரி மேடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

எதிரணிப் பெண் பந்தோடு தலையைத் தூக்கினாள். அந்த நெட்டைக்காரி எங்கள் கோட்டில் காத்துக்கொண்டு நின்றாள். எனக்கு வாய் திறந்துவிட்டது, கையால் பொத்திக்கொண்டேன். ஒரு கீச்சுக்குரல் கேட்டது.

"ஏறு!"

நாலு பேரும் ஏறினார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அவ்வளவு நேராக வராது. பந்து பறந்தது, நெட்டைக்காரி ஓடினாள், கொடி மேலே எழுந்தது. அதற்குப் பிறகும் இரண்டு முறை அதே குரல், அதே கொடி. மைதானத்தில் மற்ற இருபத்தொரு பேர் என்ன செய்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. டெல்பின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது. இப்படி ஒரு கோட்டில் எனக்கு இடமில்லை என்பதும் அதே நேரத்தில் புரிந்தது, அழுதுவிட்டேன். மேடம் வேறு பக்கம் பார்த்தார்.

0-0. லீகில் இருக்கிறோம்.

மார்ச் 10, திங்கள்

காலையில் ஹாஸ்டலே தூங்கிக்கொண்டிருந்தது. பால் வாங்கி வந்து காய்ச்சினேன். அப்போது முகாம் மேடத்தின் போன் வந்தது.

"வேதவல்லி, அந்தப் பொண்ணு கட்டுப்பட மாட்டான்னு சொன்னீங்க. நீங்க போன அப்புறம் அவ்வளவு சுத்தமா நின்னாளே?"

"நான் சொன்னது தப்பு மேடம். எனக்கு இப்பல்லாம் சட்டுனு திரும்ப முடியறதில்ல. என்னைத் தாண்டிப் போற பந்த எடுக்கத்தான் அவ பின்னாடி நின்னா. ஒரு வருஷமா நிக்கிறா. எனக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் தெரிஞ்சுது."

பால் பொங்கி வந்தது, அடுப்பைக் குறைத்தேன்.

"கோட்ட விட்டா தனக்குக் கெட்ட பேர்னு தெரிஞ்சே செஞ்சாளா?"

"தெரிஞ்சேதான்."

"அப்படி ஒருத்தி தன் பக்கத்துல நிக்கணும்னு எத்தனையோ பேர் கேப்பாங்க" என்றார். "பதினைஞ்சாம் தேதி கோவா முகாமுக்கு வரச்சொல்லுங்க. நீங்களே சொல்லிடுங்க, சந்தோஷப்படுவா."

சொல்கிறேன் என்றேன். போனை வைக்கப் போனவர் நிறுத்தி, "சரி, நீங்க அடுத்த சீசனுக்கு எந்தப் பக்கம் நிக்கப்போறீங்க? முட்டிக்கு வைத்தியம் பண்ணிட்டு ஓரத்துல ஆடலாமே?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

"இல்ல மேடம். நான் ஆடி முடிச்சிட்டேன். நேத்து நானே கையைக் காட்டி வெளிய வந்துட்டேன்."

இதை யாரிடமும் சொல்வதாக எனக்கு எண்ணமே இல்லை. பாலுக்கு முன்னால் நின்று, சர்க்கரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். வலித்தது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. காபியை ஆற்றி எடுத்துக்கொண்டு டெல்பினை எழுப்பப் போனேன்.